பூசாத வீடு

அன்றைக்குக் காலையில் சாமிதுரை கூடத்தில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு நாலு கூரைகள். கூரைக்கும் கூரைக்கும் நடுவே நீளமாகக் கண்ணாடி பதித்திருந்தது. அது வழியாக விழும் வெயில் பொழுது ஏற ஏறத் தரையில் நகரும். வெயிலோடு நாற்காலி நகர வேண்டும். நாற்காலியோடு முக்காலியும், அதன்மேல் சாய்த்து வைத்த கண்ணாடியும், வெந்நீர்க் கிண்ணமும் நகர வேண்டும். நகர்த்துவது மலர்கொடியின் வேலை.

“கொடி, இன்னும் ஒரு முழம் தள்ளு.”

“வெயிலுக்குப் பின்னாடியே ஓடறதுக்கு வாசல்ல போயி உக்காந்தா என்னவாம்?”

“வாசல்ல உக்காந்தா போறவன் வர்றவன்லாம் எப்ப சார் பூசப்போறீங்கன்னு கேப்பான். கன்னத்த அறுத்துக்குவேன்.”

அவள் சிரித்துக்கொண்டே முக்காலியைத் தள்ளினாள். அவர் மழித்து முடித்துப் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்சம் படுக்கிறேன், காபி ஆனதும் எழுப்பு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காபியோடு அவள் போனபோது எழுப்புவதற்கு அவர் இல்லை.

அது ஐப்பசி மாதம். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அடுத்த வருஷமே மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம்.

செந்துறை சாலையில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. சாமிதுரை மெட்ராஸில் கட்டடக் கலை படித்தவர். வடக்கே ஒரு புது நகரத்தையே கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே போய்ச் சில வருஷம் வரைபட மேசையில் வேலை பார்த்தவர். பிறகு சிமெண்டு ஆலை வேலைக்காகச் சொந்த ஊருக்கே திரும்பினார். கல்யாணமான மறு வருஷம் இந்த வீட்டைக் கட்டினார். நாலு தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் காற்றுக்குப் புரட்டிக்கொண்ட குடையைப் போல வானம் பார்த்து விரிந்த ஒரு கூரை. கூரையில் பெய்கிற மழை தூணுக்குள்ளேயே இறங்கி ஓடிவிடும். சுவர்கள் எதையும் தாங்கவில்லை, சும்மா மறைப்புக்கு நின்றன. பாதிச் சுவர் செங்கல், மீதிச் சுவர் கண்ணாடி. எதற்கும் பூச்சு இல்லை. சிமெண்டை வார்க்கும்போது முட்டுக் கொடுத்த பலகையின் ரேகை அப்படியே பதிந்து கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் மரத்தின் கணுக்கூடத் தெரியும்.

“சிமெண்டு ஊர்ல பொறந்துட்டு சிமெண்டோட மூஞ்சிய மூடி வெக்கச் சொல்றியா?” என்பார்.

மலர்கொடிக்கும் முதலில் பிடிக்கவில்லைதான். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, ரகசியம் கேட்பது போல, “கையில காசு தீந்துபோச்சாம்மா?” என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். போகிக்கு ஊரே வெள்ளையடிக்கும். அவள் மட்டும் கட்டை விளக்குமாற்றால் தூசி தட்டுவாள். “ஒங்க வூட்டுக்குச் சுண்ணாம்புச் செலவு மிச்சம்” என்று பக்கத்து வீட்டுக்காரி வருஷம் தவறாமல் சொல்வாள். ஆனால் கிளை நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில், பகலெல்லாம் டியூப் லைட்டுக்கடியில் உட்கார்ந்துவிட்டு வந்து அந்தக் கூடத்தில் நுழையும்போது உடம்பே லேசாகும். மத்தியானம் மூன்று மணிக்கு எந்த மூலையில் புத்தகம் படிக்கலாம், ஐந்து மணிக்கு எந்த மூலையில் என்று அவளுக்கு அத்துப்படி. பிள்ளை இல்லாத வீடு அது. வெளிச்சம் ஒரு பிள்ளையைப் போல உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

சாமிதுரையின் தம்பி வீரமுத்து முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மகன் அரவிந்தனைப் படிக்க வைத்தது இவர்கள்தான். அவன் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் வைத்து நன்றாக முன்னுக்கு வந்திருந்தான். பெரியப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான்.

சாவு வீட்டில் பஞ்சாங்கம் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். “சதயம். ஆறு மாசம் அடைப்பு.”

சில நட்சத்திரங்களில் செத்தவர் தனியாகப் போகமாட்டார், துணைக்கு ஆள் தேடுவார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பிணத்தை வாசல் வழியாக எடுக்கக்கூடாது. ஓட்டு வீடாக இருந்தால் நாலு ஓட்டைப் பிரித்து அது வழியாக எடுப்பார்கள், இல்லாவிட்டால் சுவரில் ஒரு ஆள் போகிற அளவுக்கு இடிப்பார்கள். பிறகு வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும்.

பங்காளிகள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

“இதுல எதப்பா பிரிக்கிறது?”

“செவுத்தத்தான் இடிக்கணும்.”

“எந்தச் செவுறு? ஒண்ணைத் தொட்டா எல்லாம் சேந்து தலைல உழுந்துடப்போவுது. அப்பறம் தொணைக்கு ஆளு தேட வேண்டியதே இல்ல, மொத்தமா கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு.”

அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மலர்கொடி எழுந்து வந்து நின்றாள். “இந்த வூட்டுல ஒரு கல்ல யாரும் தொடக்கூடாது” என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் கடப்பாரை எடுத்தவன் அதைக் கீழே வைத்தான்.

அரவிந்தன்தான் வழி கண்டுபிடித்தான். “பெரியம்மா, பின்பக்கத்துப் பெரிய கண்ணாடி சட்டம் ஸ்குருவுலதான நிக்குது? கழட்டிடறேன். எடுத்துட்டுத் திரும்ப மாட்டிடலாம்.”

லாரிக்காரன் கை. ஒரு கீறல் விழாமல் கழற்றினான். பெரியப்பா அது வழியாகப் போனார். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து ஈரத் தலையோடு அவனே அதை மறுபடி மாட்டினான். கண்ணாடியில் பதிந்திருந்த விரல் தடங்களைத் தோள் துண்டால் துடைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் மலர்கொடிக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

வீட்டைப் பூட்டுவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. “அவரு நம்பாத விஷயம். நானும் நம்பல. நான் இங்கதான் இருப்பேன்.”

வீராயி, வீரமுத்துவின் மனைவி, அவளுக்கு ஓரகத்தி. வாய் பெரிது, மனசில் எதுவும் தங்காது. அன்றைக்கு அவள் கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து மலர்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ நம்ப வேணாங்க்கா. ஒனக்காவச் சொல்லல. கொள்ளி வெச்சது எம்புள்ள. அவம்பொண்டாட்டி சிவரஞ்சனி மாசமா இருக்கா. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னாலயும் தூங்க முடியாது, என்னாலயும் முடியாது.”

அரவிந்தனுக்காக அவள் வீட்டைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆண்டிமடத்தில் இருந்த தங்கை பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனாள்.

ஆண்டிமடத்தில் பொழுது நகரவில்லை. தங்கைக்கு முந்திரித் தோப்பு. பனி முடிந்து பூ எடுத்து, பங்குனியில் கொட்டை பொறுக்க ஆரம்பித்தார்கள். வறுக்கும் புகை கண்ணைக் கரிக்கும். மலர்கொடி கை கறையாகக் கொட்டை உடைத்துக்கொண்டே வீட்டை நினைத்துக்கொண்டிருப்பாள். தூணுக்குள் சருகு அடைத்திருக்குமோ, எலி ஏதாவது புத்தகத்தைக் குதறியிருக்குமோ என்றுதான் அவள் கவலை போயிற்று.

மாதம் ஒரு தடவை அரவிந்தன் வந்து பார்த்துவிட்டுப் போவான். காய்கறி, பழம், வாரப் பத்திரிகைகள் வாங்கி வருவான். ஆண் குழந்தை பிறந்ததை அவனே வந்து சொன்னான். சித்திரை நெருங்க நெருங்க அவன் முகத்தில் ஒரு களை ஏறியிருந்தது.

“வூட்ட ஒரு தடவ எட்டிப் பாத்தியாடா?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் பெரியம்மா. நீங்க வந்து பாருங்க.”

“என்னாடா சிரிக்கிற?”

“ஒண்ணுமில்ல. வந்து பாருங்கன்னேன்.”

வெள்ளையடித்திருப்பானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அடித்திருந்தால் தேய்த்துக் கழுவிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடைப்பு முடிந்ததும் அரவிந்தன் ஒரு வாடகைக் காரோடு வந்தான். அரியலூர் ரயில்வே கேட் தாண்டியதும் முன்சீட்டிலிருந்து திரும்பி, “பெரியம்மா, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிங்க” என்றான்.

“என்னாடா இது, சின்னப் புள்ளையாட்டம்.”

“மூடிக்கிங்கன்னா மூடிக்கிங்க.”

மூடிக்கொண்டாள். கார் நின்றது. அவன் கையைப் பிடித்து இறக்கினான். நாலு அடி நடத்திக்கொண்டு போனான். “ம், இப்ப தொறங்க.”

கண்ணைத் திறந்ததும் முதலில் பட்டது பக்கத்து வீட்டின் பின்சுவர். அந்தச் சுவரை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பாசி பிடித்து, நடுவில் ஒரு சின்ன ஜன்னலோடு இருந்தது. நம்மைக் கொண்டு வந்து வேறு எங்கோ நிறுத்திவிட்டான் என்றுதான் நினைத்தாள். பிறகு கிணறு தெரிந்தது. கிணற்றை வைத்து இடத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

மனை காலியாகக் கிடந்தது. ஒரு மூலையில் செங்கல் குவியல். இன்னொரு மூலையில் முறுக்கிக்கொண்டு கிடந்த கம்பிகள். நடுவில் சுண்ணாம்புப் பொடியால் புதிதாகக் கோடு போட்டிருந்தார்கள். அவளுடைய கட்டில், பீரோ, புத்தக அலமாரி எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே கயிறு கட்டிப் பத்திரமாக வைத்திருந்தது. சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது; பின்பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றித்தான் இதையெல்லாம் வெளியே எடுத்திருக்க வேண்டும்.

“கீழ நீங்க, மேல நாங்க” என்றான் அரவிந்தன். கோடுகளுக்கு மேல் தாண்டித் தாண்டிப் போய்க் காட்டினான். “இது ஹால். இது ஒங்க ரூம். அட்டாச்சிடு பாத்ரூம். முட்டி வலிக்குதுன்னு சொல்வீங்கல்ல, இந்த வூட்டுல படியே கெடையாது ஒங்களுக்கு. எல்லாம் நல்லாப் பூசி, பட்டி பாத்து, ரோஸ் கலர் அடிச்சு…” மூச்சு வாங்கியது அவனுக்கு. “பெரியப்பாவால முடியாமப் போனத நான் முடிச்சுத் தரேன் பெரியம்மா. சாவு உழுந்த வூட்டுல நீங்க தனியா எதுக்குக் கெடக்கணும்?”

அவள் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்தாள்.

“அவரால முடியலன்னு யாருடா சொன்னா?”

“யாரு சொல்லணும்? ஊருக்கே தெரியுமே.” அவன் குரல் இறங்கியது. “எங்கப்பா சொல்லுவாரு, அண்ணன் வீம்புக்காரரு, கையில காசு இல்லன்னு வெளிய சொல்ல மாட்டாரு, அதான் இப்புடித்தான் கட்டுவேன்னு சாதிக்கிறாருன்னு. பள்ளிக்கூடத்துல என்னையப் பூசாத வூடுன்னுதான் கூப்புடுவானுங்க. நான் சம்பாரிச்சதும் மொதல்ல இதத்தான் முடிக்கணும்னு அப்பவே நெனச்சுக்கிட்டேன்.”

“என்னைய ஒரு வார்த்த கேட்டியாடா?”

“கேட்டா வேணாம்பீங்க. எனக்கு எதுக்குடா செலவு பண்றேம்பீங்க.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த, பூச்சே இல்லாத கட்டடம். இடிக்கும்போது தெருவில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பாதியில் நின்ற வீட்டை இப்போதாவது எடுத்துக் கட்டுகிறானே என்று நாலு பேர் அவனைப் பாராட்டிவிட்டுக்கூடப் போயிருக்கிறார்கள்.

“கொஞ்சம் தண்ணி குடு” என்றாள்.

மேலத்தெருவில் அரவிந்தன் வீட்டில்தான் தங்கினாள். சிவரஞ்சனி குழந்தையைக் கொண்டு வந்து மடியில் போட்டாள். குழந்தைக்குச் சாமிதுரையின் சாயல் எதுவும் இல்லை. அது ஒரு ஆறுதலாக இருந்தது. அவளால் அரவிந்தனைத் திட்ட முடியவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், பேசினால் பதில் சொன்னாள். வீராயி மட்டும், “எழவு வூட்டுலகூட இவ்வளவு அமைதியா இருக்கலியே இவ” என்று மருமகளிடம் முணுமுணுத்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். தமிழ்மாறன் வந்தார். திருச்சியில் ஒரு கல்லூரியில் கட்டடக் கலை சொல்லிக் கொடுக்கிறவர். சாமிதுரை இருந்தபோது மாணவர்களோடு இரண்டு தடவை வந்து வீட்டை அளந்து வரைந்துகொண்டு போனவர். சாமிதுரையின் சாவு தெரியாமல், இன்னும் சில அளவு எடுக்க வந்தவர் காலி மனையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நீங்க என்னத்த இடிச்சிருக்கீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று அரவிந்தனிடம் கத்தினார்.

“எங்க வூட்டத்தான் சார்.”

“இந்தக் குடைக் கூரையில அவர் கட்டுனதே ரெண்டு வீடுங்க. பெரம்பலூர்ல டாக்டருக்குக் கட்டுனத போன வருஷம் ராத்திரியோட ராத்திரியா இடிச்சு லாட்ஜ் கட்டிட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. இதக் காப்பாத்தணும்னு நான் எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன்!”

“ஒங்களுக்கு வேணும்னா ஒங்க ஊருல ஒண்ணு கட்டிக்கிங்க சார். எங்க பெரியம்மாவ நான் பாத்துக்கறேன்.”

அவர் விடவில்லை. இடிப்பதற்கு அனுமதி வாங்கினார்களா என்று கேட்டு மனுக் கொடுத்தார். வாங்கவில்லை. அனுமதி என்று ஒன்று இருப்பதே அரவிந்தனுக்குத் தெரியாது, கட்டுவதற்குத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தான். வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் பெரம்பலூர் ஆபீசுக்கு வந்து அரவிந்தனும் மலர்கொடியும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

வக்கீல் விளக்கிச் சொல்லிவிட்டார். மனை குடும்பச் சொத்து என்றாலும் வீடு சாமிதுரை பேரில் இருந்தது, அவருக்குப் பிறகு மலர்கொடிக்கு. அவள் சம்மதத்தோடு இடித்தது என்றால் அனுமதி வாங்காததற்கு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம். சம்மதம் இல்லை என்றால், அடுத்தவர் வீட்டை இடித்த குற்றம். போலீஸ் வரை போகும்.

புறப்படுகிற அன்று காலையில் வீராயி வாசலில் வழி மறித்து நின்றாள்.

“ஒரே வார்த்தங்க்கா. ‘நான்தான் இடிக்கச் சொன்னேன்.’ அவ்வளவுதான். புள்ள தப்பிச்சுக்குவான்.”

“பொய்யில்ல அது?”

“நீ என்ன சத்தியவந்தி பரம்பரையா? போன வாரம் வந்தவகிட்ட சக்கர தீந்துபோச்சுன்னு சொன்னியே, டப்பா நெறைய இருந்துச்சே.”

மலர்கொடிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. “வீராயி, நான் அப்புடிச் சொன்னேன்னா, அவரு கட்டுன வூட்ட நானே இடிச்சதா ஆயிடும். அவரு போன ஈரம் காயறதுக்குள்ள பொண்டாட்டியே ஆளு வெச்சு இடிச்சான்னு எழுதி வெச்சுடுவாங்க. அது என்னால ஆவாது.”

“அப்ப எம்புள்ள செயிலுக்குப் போவட்டுங்கறியா?”

மலர்கொடி அவளைச் சுற்றிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

பஸ்ஸில் அரவிந்தன் அவளுக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பூத்துக் கிடந்த கருவேலங்காடும் சுண்ணாம்புத் தூசி படிந்த புளிய மரங்களும் பின்னால் போயின. குன்னத்தில் பஸ் நின்றதும் அவன் இறங்கிப் போய் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி வந்து கொடுத்தான். அவள் கையில் வைத்துக்கொண்டாள்.

“பெரியம்மா.”

“ம்.”

“இடிக்கிற அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“செவுரெல்லாம் சடார்னு உழுந்துடுச்சு. கூரைலதான் பொக்லைன் தெணறுச்சு. குத்துறான், குத்துறான், சொரணையே இல்ல. கூரை தடியா இருக்கும்னு நெனச்சேன். ஓரம் ஒடஞ்சப்பறம் பாத்தா என் உள்ளங்கை அகலங்கூட இல்ல பெரியம்மா. அவ்வளவு மெலிசு. அத வெச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய எடத்துக்கு ஒத்தக் கால்ல நின்னுருக்கு. டிரைவரு வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கி வந்து, ‘யாருண்ணே கட்டுனது இத?’ன்னான். காசு இல்லாத ஆளு கட்டுன வூடு இல்ல இதுன்னு அப்பதான் ஒறச்சுது.”

“நிறுத்தியிருக்கலாமேடா.”

“ஒரு குடைதான் ஒடஞ்சிருந்துச்சு. நிறுத்தியிருக்கலாம்.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஒடஞ்சத அப்புடியே வெச்சுக்கிட்டு ஒங்கள எந்த மூஞ்சியோட கூப்புடறது? அதான் ஒரேடியா முடிச்சு, புதுசாக் கட்டிக் காட்டிட்டா மறந்துடுவீங்கன்னு… வேகமா அடிடா அடிடான்னு நானேதான் நின்னேன்.”

பஸ் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் யாரோடோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மலர்கொடி வெள்ளரிப் பிஞ்சை உடைத்து ஒரு பாதியை அவனிடம் கொடுத்தாள்.

ஆபீஸில் தமிழ்மாறன் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். அதிகாரி வயதானவர், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர், யாரையும் விரட்டுகிற ஆள் இல்லை. “உக்காருங்கம்மா” என்று நாற்காலியைக் காட்டினார். தாளில் முன்பே பாதி எழுதி வைத்திருந்தார். அதை வாசித்துக் காட்டினார். இன்ன சர்வே எண்ணில், இன்னாருக்குச் சொந்தமான, பாதி கட்டிய, பூசப்படாத கட்டடம் ஒன்று இடிக்கப்பட்டதாக…

“சார்” என்றாள் மலர்கொடி. “அதுல ஒரு தப்பு இருக்குங்க.”

“எதும்மா?”

“பாதி கட்டியன்னு எழுதியிருக்கீங்க. அத அடிச்சுடுங்க. அது முழுசாக் கட்டி முடிச்ச வூடு.”

“பூசலைன்னு சொல்றாங்களே?”

“பூசலைங்க. பூசக்கூடாதுன்னு கட்டுனது. அதுல முடிக்காம விட்டது ஒண்ணும் கெடையாது. நான் முப்பத்தஞ்சு வருஷம் உள்ள இருந்திருக்கேன்.”

அதிகாரி பேனாவால் அந்த இரண்டு சொற்களை அடித்தார். பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டாள். சுவரோரம் நின்ற அரவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி. உங்க சம்மதத்தோடதான் இடிச்சாங்களா?”

வீராயி வாசலில் நின்ற நிலை அவள் கண்ணுக்கு வந்தது. கூடவே பின்பக்கத்துக் கண்ணாடியைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த அரவிந்தனும் வந்தான்.

“இல்லீங்க. என்னையக் கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

எழுதினார்.

“இன்னொண்ணும் எழுதணும் சார். இடிச்சவன் எங்க புள்ள. எங்க வூட்டுக்காரருக்குக் கொள்ளி வெச்சவன். நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டுப் பண்ணிட்டான். அவன் மேல நடவடிக்கை எதுவும் எனக்கு வேணாம். சட்டப்படி அபராதம் என்ன உண்டோ அத அவன் கட்டட்டும். அதுக்கு மேல வேணாம்.”

“ரெண்டையும் ஒரே தாள்ல எழுதுனா மேல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா.”

“ரெண்டும் நடந்ததுதானுங்களே.”

அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். வாசித்துக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் தமிழ்மாறன், “நீங்க இப்படி விட்டுக் கொடுத்திருக்கக் கூடாதும்மா. ஒருத்தனாவது மாட்டினாத்தான் அடுத்தவன் பயப்படுவான்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நீங்க வரைஞ்சதெல்லாம் வெச்சிருக்கீங்கல்ல?”

“இருக்கு.”

“பசங்களுக்குக் காட்டுங்க சார். அவரு பேரச் சொல்லிக் காட்டுங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அரவிந்தன் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அரியலூர் வரைக்கும் பின்படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டு வந்தான். அவனுக்குக் கோபமா, வெட்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

போலீஸ் வரவில்லை. பெரிய அபராதம் வந்தது. அதைவிடப் பெரியது, வேலை ஒரு வருஷத்துக்கு மேல் நின்றுபோனது. கம்பிகள் துருப்பிடித்தன. சுண்ணாம்புக் கோடுகளை மழை அழித்தது. வீராயி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, “அந்தம்மாவச் சாப்புடச் சொல்லு” என்று மருமகள் மூலமாகவே பேசினாள். குழந்தைக்கு முதல் மொட்டை போடச் செட்டிகுளம் மலைக்குப் போனபோது, ஏறுகிற படியில் மலர்கொடிக்கு மூச்சு வாங்கியது. வீராயி பேசாமல் வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். இறங்கும்போது பேசினாள். “கெழவிக்கு வீம்பு மட்டும் கொறையல” என்பதுதான் முதல் பேச்சு.

அனுமதி வந்து மறுபடியும் வேலை ஆரம்பித்தார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய இரண்டாம் நாள் அரவிந்தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலத்தெருவுக்கு வந்தான். காலெல்லாம் கரிசல் சேறு.

“பெரியம்மா, ஒரு வார்த்த கேக்கணும்.”

“என்னாடா?”

“பழைய தூணோட அடிக்கட்டு நாலும் கீழ இருக்கு. கரிசல் மண்ணுன்னு பெரியப்பா எவ்வளவு ஆழம் போயிருக்காருன்னு தெரியல, தோண்டத் தோண்டப் போயிக்கிட்டே இருக்கு. பொக்லைன் பல்லு ஒடஞ்சிடுச்சு. மேஸ்திரி, வெடி வெச்சாத்தான் வரும்ங்கறாரு. வெக்கலாமா? இல்ல, புதுத் தூண அந்தாண்ட இந்தாண்ட தள்ளிப் போட்டுக்கட்டுமா? நீங்க சொல்றதுதான்.”

அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை மெதுவாகக் கீழே கிடத்தினாள்.

“அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்” என்றாள். “நீ தள்ளிப் போட்டுக்க.”

அப்படியே செய்தார்கள். அதற்காகக் கூடத்தின் அளவு கொஞ்சம் கோணிக்கொண்டது. அவளுடைய அறைக்கதவு நினைத்த இடத்துக்கு வரவில்லை. ரோஸ் கலர்தான் அடித்தார்கள். வெயில் காலத்தில் மேல்மாடியில் இருக்க முடியாது, கீழே பரவாயில்லை. குழந்தை அந்தக் கூடத்தில்தான் ஓடப் பழகியது. தரைக்கு மேலே வழுவழுப்பான டைல்ஸ். கீழே, கரிசல் மண்ணுக்குள், அந்த நாலு அடிக்கட்டும் சாமிதுரை அளந்து வைத்த இடத்திலேயே இருக்கின்றன.